சமாதானச் சேலை

மருதாத்தாளுக்கு ஓரகத்தி மேல் பொறாமை பிடித்தது ஒரு சேலையில்தான். லேசுப்பட்ட பொறாமை இல்லை. குழம்பில் உப்புப் போட மறந்து போகிற அளவுக்கு, கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தனக்குத்தானே பேசிக்கொள்கிற அளவுக்குப் பிடித்த பொறாமை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு சேலைக்கா இத்தனை பாடு என்பார்கள். அந்த வீட்டில் மருமகளாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சேலையின் பெறுமானம் தெரியும்.

பாலக்காட்டுச் சீமையில், முதலமடைக்குக் கிழக்கே, மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. வீட்டுக்குப் பெரியவள் கருப்பாத்தாள். அவளுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பொங்கியண்ணன், மருதாத்தாளின் புருஷன். இளையவன் நாச்சிமுத்து, பழனாத்தாளின் புருஷன். தோப்பும் வெள்ளாமையும் இரண்டு பேருக்கும் பொது. பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிற பழக்கமும் பொது. மாங்காய் லாரி வரத் தாமதமானால் அடிப்பார்கள். வியாபாரி சாக்குச் சொல்லி விலையைக் குறைத்தால் அடிப்பார்கள். லாரி நேரத்துக்கு வந்து நல்ல விலையும் கிடைத்தால், அந்தச் சந்தோஷத்தில் குடித்துவிட்டு வந்து அடிப்பார்கள். மூத்த மருமகளுக்கு ஒரு அடி, இளைய மருமகளுக்கு ஒரு அடி என்று அந்த வீட்டில் பாரபட்சமே கிடையாது. வித்தியாசமெல்லாம் அடி விழுந்த பிறகுதான்.

பழனாத்தாளுக்குத் தாய்வீடு இருந்தது. அடி தாங்க முடியாமல் போனால் அவள் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஏறிவிடுவாள். மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பது குடும்பத்துக்குக் கேவலம். அதனால் பத்துப் பதினைந்து நாள் விட்டு, கோபம் ஆறிய பிறகு, வீட்டார் போய் முறையாகக் கூட்டிவர வேண்டும். அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு புதுச்சேலை. எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பெண் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவாள். புருஷனையும் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே இலையில் சோறு போடுவார்கள். இரண்டு பேரும் நாலு கவளம் தின்றுவிட்டால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். அடித்தவன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டியதில்லை. வருத்தமெல்லாம் சேலையே பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சேலையைப் பொள்ளாச்சிக்குப் போய் எடுக்கிற வேலை மருதாத்தாளுடையது. "நீதான் அவளுக்கு அக்கா மாதிரி. உனக்குத்தான் அவளுக்கு என்ன புடிக்கும்னு தெரியும்" என்பாள் கருப்பாத்தாள். பழனாத்தாளுக்கு என்ன பிடிக்கும் என்று மருதாத்தாள் ஒருநாளும் கேட்டதில்லை. கடைக்காரன் விரித்துப் போடப் போட, தனக்குப் பிடித்ததைத்தான் எடுப்பாள். கரையைத் தடவிப் பார்ப்பாள். தோளில் போட்டுக் கண்ணாடி பார்ப்பாள். "உங்களுக்கு அம்சமா இருக்குதுங்க" என்று கடைக்காரன் சொன்னால் வயிறு பற்றி எரியும். வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், தன் கையாலேயே அவளிடம் கொடுக்க வேண்டும்.

மருதாத்தாளுக்குத் தாய்வீடு கிடையாது. பால்குடி மறந்த வயதில் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். வளர்த்த சித்தப்பன் கல்யாணத்தைப் பண்ணிக் கையைக் கழுவிவிட்டான். அடி விழுந்தால் அவளுக்குப் போக இடம் மாட்டுக்கொட்டகை. அங்கே போய்ச் சாணியை அள்ளிக்கொண்டே அழுவாள். அழுது முடித்து, வீங்கின இடத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைக்க வந்துவிடுவாள். எங்கேயும் போகாதவளைக் கூட்டிவர யாரும் போக வேண்டியதில்லை அல்லவா? அதனால் சேலையும் இல்லை. ஒரு தடவை பொங்கியண்ணன் தாம்புக் கயிற்றால் விளாசியதில் முதுகு பிய்ந்து, ரவிக்கை ஒட்டிக்கொண்டது. அதே மாதத்தில் பழனாத்தாளுக்கு ஒரு அறை விழுந்து, அவள் கொழிஞ்சாம்பாறை போய், மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட சேலையோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு ஒரே இலையில் அவர்களுக்குப் பரிமாறியது மருதாத்தாள்தான். முதுகு அப்போதும் காயவில்லை. குனிந்து பரிமாறும்போது வலித்தது. அந்த அரக்குக் கரை கண்ணை உறுத்தியது. எது அதிகமாக வலித்தது என்று கேட்டிருந்தால் கரையைத்தான் சொல்லியிருப்பாள்.

பழனாத்தாள் கெட்டவள் இல்லை. "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றிக்கொண்டே திரிவாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். அதுகூட மருதாத்தாளுக்கு ஆகவில்லை. சிரிக்கத் தெரிகிறது பார், அப்பன் வீடு இருக்கிற திமிர், என்று நினைப்பாள். ஒரு தடவை பழனாத்தாள், "எனக்கு இந்தச் சீலையெல்லாம் வேண்டாமுங்க்கா, நீங்களே கட்டிக்கங்க" என்று நீட்டினாள். மருதாத்தாள் அதைத் தட்டிவிட்டாள். பிச்சை எடுத்துக் கட்டுகிற நிலைமை தனக்கு வரவில்லை என்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கு வேண்டியது சேலை மட்டுமா? தனக்காக நாலு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், வாசலில் நின்று வா என்று கூப்பிட வேண்டும். அதை எப்படி இன்னொருத்தி கையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்வது?

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம் நாச்சிமுத்து அடித்த அடியில் பழனாத்தாளின் இடது கண் மூடிக்கொண்டது. இந்தத் தடவை அவள் கொழிஞ்சாம்பாறை போகவில்லை. தகப்பன் இறந்து, தாயும் அண்ணன் மாரப்பனோடு போய்விட்டிருந்தாள். மாரப்பனுக்கு மலை மேல் பள்ளிவாசல் என்கிற ஊரில், மின் நிலையத்தில் வேலை. பழனாத்தாள் உடுமலை போய், அங்கிருந்து மலையேறிப் பள்ளிவாசலுக்கே போய்விட்டாள்.

கூட்டிவர வாடகைக் காரில் போனார்கள். கருப்பாத்தாள், பொங்கியண்ணன், நாச்சிமுத்து, மடியில் புதுச்சேலையோடு மருதாத்தாள். மறையூர் தாண்டியதுமே குளிர் பிடித்துக்கொண்டது. "இந்தக் குளுர்ல மனுசன் இருப்பானா" என்று கருப்பாத்தாள் வழியெல்லாம் முனகினாள். மருதாத்தாள் தேயிலைச் சரிவையும், மலை உச்சியிலிருந்து கீழே இறங்குகிற பெருங்குழாய்களையும், வரிசையாகக் கட்டின வேலைக்காரர் வீடுகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். சுவரில் பொத்தானைத் தட்டினால் வெளிச்சம். அடி வாங்கினாலும் இவள் போய்ச் சேர்கிற இடத்தைப் பார், என்று மனசு கொதித்தது.

மாரப்பன் உட்காரச் சொன்னான். காப்பி கொடுத்தான். தட்டை மட்டும் கையில் வாங்கவில்லை.

"சீலை வேண்டாமுங்க. எடுத்துட்டுப் போங்க. எந்தங்கச்சி இனி வரமாட்டா" என்றான்.

அப்படி ஒரு வார்த்தையை அந்த வீட்டார் கேட்டதே இல்லை. கருப்பாத்தாள் அழுதாள், சாபம் விட்டாள், பிறகு கெஞ்சினாள். மருதாத்தாள் எழுந்து சமையலறைக்குள் போனாள். பழனாத்தாள் அங்கே நின்றிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போனது மஞ்சளாகியிருந்தது.

"என்னடி இது நாயம்? நாலு பேரு வந்து நிக்கறம். வந்து இலையில உக்காரு" என்றாள் மருதாத்தாள்.

"அக்கா, டெல்லியில சட்டத்த மாத்தீட்டாங்களாமா. முன்னெல்லாம் புருசன் கொடுமப்படுத்துனா தனியாப் போய் இருந்துக்கலாம், அவ்வளவுதான். இப்ப அத்துக்கிட்டே போயிரலாமாம். பாலக்காட்டுக் கல்பாத்தி வக்கீலம்மா ஒருத்தங்க இங்க பொம்பளைங்க கூட்டத்துக்கு வந்து சொன்னாங்க."

"அப்படின்னு ஆரு சொன்னாலும் நம்பீருவியா?"

"நம்பறனுங்க்கா" என்றாள் பழனாத்தாள். அந்தக் கன்றிப்போன கண்ணோடும் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மருதாத்தாளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

திரும்பி வரும்போது சேலை அவள் மடியிலேயே இருந்தது. ஓரகத்தி வேண்டாம் என்றுவிட்டாள், இனி இது யாருக்கு? மலை இறங்கி முடிக்கிற வரை அவளுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது. உடுமலை வந்ததும் கருப்பாத்தாள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "மடிப்பக் கலைச்சறாத. கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவான்" என்றாள். அன்றைக்குப் பழனாத்தாளை மருதாத்தாள் சபித்த சாபத்தை அவள் மாமியார்கூடச் சபித்திருக்க மாட்டாள்.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. டெல்லியில் எத்தனையோ பேர் கூடி, கேட்டு, வாதாடி, கல்யாணச் சட்டத்தைத் திருத்தி, கொடுமையைக் காரணமாகக் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்று ஆக்கியிருந்தார்கள். டீக்கடையில் ஆண்கள், இனி பெண்டாட்டியைக் கேட்டுத்தான் இருமணுமாமா என்று கேலி பேசினார்கள். மருதாத்தாளுக்குக் கேலி வரவில்லை. அவளுக்கு அந்தச் சட்டத்தின் மேலேயே பொறாமையாக இருந்தது. தன் முதுகு பிய்ந்தபோது அந்த டெல்லிக்காரர்கள் எங்கே போனார்கள்? கையெழுத்துப் போடத் தெரியாத தனக்கு வராத சட்டம், பள்ளிக்கூடம் போனவளுக்கு மட்டும் ஓடி வருகிறதே! இப்போது கல்யாணம் ஆகிற பெண்களுக்காகப் போட்ட சட்டம் போலிருக்கிறது, தன் கல்யாணம் பழைய கல்யாணம், அது செல்லாது, என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் இன்னும் எரியும்.

நாச்சிமுத்துக்கு வாதாட யக்ஞநாராயணன் என்கிற வக்கீலைப் பிடித்தார்கள். அவரும் கல்பாத்திதான். பள்ளிவாசலுக்கு வந்து சட்டம் சொன்ன பாகீரதிதான் பழனாத்தாளுக்கு வக்கீல், அவளுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சமாதானச் சேலை விஷயம் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவையும் அழைச்சிண்டு வந்தேளா? புதுச்சேலை கொடுத்தேளா? ரெண்டு பேரும் ஒரே இலையிலே சாப்பிட்டாளா? அப்போ கவலையே வேண்டாம். கொடுமைன்னு கேஸ் போடறவ அந்தக் கொடுமையை மன்னிச்சிருக்கப்படாது. மன்னிச்சாச்சுன்னா கேஸ் நிக்காது. புதுச்சட்டத்திலேயும் அது அப்படியே இருக்கு. இவ சேலையைக் கட்டிண்டு வந்து இலையிலே உக்காந்திருக்கா. அதை யாராவது வந்து சொல்லணும். சேலையைக் கொடுத்தது யாரு?"

எல்லோரும் மருதாத்தாளைப் பார்த்தார்கள்.

அவளைக் கெஞ்சவோ மிரட்டவோ வேண்டியிருக்கவில்லை. நான் வரேன் என்று அவளே சொன்னாள். ஓரகத்தி திரும்பி வர வேண்டும், தன்னைப் போலவே இந்த வீட்டில் கிடந்து சாக வேண்டும். அதுதான் அவள் மனசில் இருந்தது. ஒளிப்பானேன்? பழனாத்தாள் போய்விட்டால் அந்த வீட்டில் அடிக்கு இருப்பது தான் ஒருத்திதான் என்கிற பயமும் அதற்குள்ளே இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பொறாமைதான் அவளைப் பாலக்காட்டுக்கு வண்டியேற வைத்தது.

மாசி மாதம். தோப்பில் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் வாடகை அம்பாசிடரில் அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பொங்கியண்ணன் அவளுக்கு வழியில் டீ வாங்கிக் கொடுத்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அவளுக்குக் கடையில் டீ வாங்கிக் கொடுத்ததில்லை. அவள் அதைக் கர்வத்தோடு குடித்தாள்.

அந்த மாதிரிக் கேஸைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரிப்பார்கள் என்பது அவளுக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது. சேவகன் வந்து கேஸுக்குச் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் உள்ளே என்றான். பொங்கியண்ணன் வெளியே நின்றுவிட்டான். உள்ளே ஜட்ஜி, எழுதுகிறவர், இரண்டு வக்கீல்கள், நாச்சிமுத்து, பழனாத்தாள். அவ்வளவுதான். பழனாத்தாள் மலைக்குளிரில் கொஞ்சம் நிறம் கூடியிருந்தாள். கன்னம் கூடப் பூசினாற்போல் இருந்தது. மருதாத்தாள் அதையெல்லாம் ஒரு பார்வையில் கவனித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கூண்டில் ஏறினாள். உண்மையைத் தவிர வேறு சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள்.

யக்ஞநாராயணன் கேட்டதற்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தபடியே பதில் சொன்னாள். ஆமாங்க, நாந்தான் போனேன். ஆமாங்க, அவளாத்தான் சந்தோசமா வந்தா. ஆமாங்க, ஒரே இலையிலதான் தின்னாங்க, நாந்தான் பரிமாறினேன். அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

பாகீரதி எழுந்தாள். சின்ன உருவம், கறுப்புக் கோட்டு, குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"சேலை கொடுத்தோம்னு சொன்னேளே, அதெல்லாம் நல்ல சேலையா, இல்லை ஏதோ பேருக்கு ஒண்ணா?"

மருதாத்தாளுக்குச் சுருக்கென்றது. அவள் எடுத்த சேலையைப் பேருக்கு எடுத்தது என்கிறாளே!

"பேருக்குங்களா? எல்லாம் நானே பொள்ளாச்சியில கடை கடையா ஏறி எடுத்ததுங்க. அப்பேர்ப்பட்ட சீல என்ர கல்யாணத்துக்குக்கூட எனக்கு எடுக்கலீங்க. கேட்டுப் பாருங்க அவளையே."

"எந்தச் சேலை எப்போ கொடுத்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம போகுங்களா?" மருதாத்தாளுக்குச் சூடு பிடித்துவிட்டது. இத்தனை வாங்கித் தின்றுவிட்டு இன்றைக்கு விடுதலை கேட்கிறாளே, இதை ஜட்ஜி தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். சேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் ஓரகத்தியின் நன்றிகெட்டதனம் தானே வெளியில் வரும் என்று நம்பினாள். "மாம்பழக் கலரு, அரக்குக் கர போட்டது, அது செவுட்டுல அறஞ்சு காது கிழிஞ்சப்பக் குடுத்ததுங்க. பச்சச் சீல கை ஒடிஞ்சப்ப. ஊதாக் கட்டம் போட்டது, நெஞ்சுல மிதிச்சு மூச்சு நின்னு போச்சே, அப்ப. பட்டும் ஒண்ணு எடுத்தங்க. நெசப் பட்டு. அது வயித்துல உதச்சு, மூணு மாசத்துப் புள்ள கலஞ்சு போனப்ப."

யக்ஞநாராயணன் துள்ளி எழுந்தார். சாட்சி கேட்டதற்கு மேல் பேசுகிறாள் என்றார். ஜட்ஜி மலையாளத்துக்காரர். பாலக்காட்டில் இருந்து இருந்து தமிழ் புரியும். "அவர் பறையட்டே" என்று, சொல்ல விடுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருந்தார். மருதாத்தாளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. தன் பேச்சைப் படித்தவர்கள் இப்படி உன்னிப்பாகக் கேட்கிறார்கள் என்பதே அவளுக்கு வேகம் கொடுத்தது.

பாகீரதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு சேலையைக் கட்டிண்டு வந்து, இலையிலே சாப்பிட்டு, மன்னிச்சதா வெச்சுண்டாலும், அதுக்கப்புறம் மறுபடியும் அடி. அப்படித்தானே?"

"அடிக்காம சீல எப்படிங்க வரும்?"

நாச்சிமுத்து காலை மாற்றிப் போட்டான்.

"உங்களுக்கு எத்தனை சேலை வந்தது?" என்றாள் பாகீரதி.

அந்தக் கேள்வியை எதிர்பார்த்து மருதாத்தாள் கூண்டில் ஏறவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தாள்.

"எனக்குங்களா? எனக்கு எவன் குடுத்தான்?" என்று பாகீரதியையே திருப்பிக் கேட்டாள். "அதே ஊடு, அதே அடிங்க. இவ வாங்குனதுக்கு மேலயே நான் வாங்கியிருக்கறன். தாம்புக் கயித்தால அடிச்ச தழும்பு இன்னும் முதுகுல கெடக்குது. ரெண்டு நாள் சோறு போடாம கொட்டாயில கட்டி வெச்சிருந்தாரு. அவ போனா நாலு பேரு தட்டத் தூக்கீட்டுப் போறாங்க. எனக்குப் போறதுக்கு எடமில்லீங்க. போகாதவளக் கூட்டியார ஆரு வருவா? ஒரு ரவிக்கைத் துணி குடுத்திருப்பாங்களா? இப்ப அவளுக்குச் சட்டமும் வந்துருச்சு. எங்க காலத்துக் கல்யாணத்துக்கு அதும் செல்லாது. எல்லாமே அவளுக்குத்தான். எனக்கு ஒண்ணுமே இல்லீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. கேஸை ஜெயிக்க வைக்க வந்தவள், கொழுந்தன் கேஸையும் கவிழ்த்து, கட்டினவன் மானத்தையும் வாங்கிவிட்டாள். யக்ஞநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து அவளை முறைத்துக்கொண்டிருந்தான். பழனாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் தனக்காக அழவில்லை, மருதாத்தாளைப் பார்த்து அழுதாள்.

"வேறெ வல்லதும்... ஏதாவது சொல்லணுமா?" என்று ஜட்ஜி கேட்டார்.

"இல்லீங்க" என்றாள்.

கதவைத் திறந்ததும் நாச்சிமுத்துதான் முதலில் வெளியே போனான். மருதாத்தாள் படியிறங்கி வருவதற்குள் அவன் அண்ணன் காதில் எல்லாவற்றையும் ஓதிவிட்டான் என்பது பொங்கியண்ணன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவன் அம்பாசிடரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏறு வண்டீல" என்றான், மெதுவாக. அவன் கத்தினால் ஒரு அறையோடு போகும். மெதுவாகப் பேசினால் கயிறு வரும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தோப்பு வீடும், கொட்டகையும், மாமியாரின் வாயும் கண் முன்னால் வந்தன. பெற்ற ஒரே மகளையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, வீட்டில் குறுக்கே விழுந்து தடுக்க ஓரகத்திகூட இல்லை. இந்தத் தடவை கொன்றே போட்டுவிடுவான் என்று தோன்றியது.

பாகீரதி பின்னாலேயே வந்தாள். பொங்கியண்ணனைத் திரும்பியும் பார்க்காமல் மருதாத்தாளிடம் பேசினாள்.

"அம்மா, ஒரு விஷயம். உள்ளே சொன்னேளே, பழைய கல்யாணத்துக்குச் செல்லாதுன்னு. யாரு சொன்னா? எந்த வருஷத்துக் கல்யாணமா இருந்தாலும் அந்தச் சட்டம் செல்லும். உங்களுக்கும் உண்டு. வேணும்னா எங்கிட்டே வாங்கோ."

மருதாத்தாள் அவளை வெறித்துப் பார்த்தாள். தனக்கும் உண்டு. சேலை இல்லை, தாய்வீடு இல்லை, அண்ணன் இல்லை, இது மட்டும் உண்டு. நம்புவதா என்று தெரியவில்லை. ஆனால் பள்ளிவாசல் சமையலறையில் ஓரகத்தி, நம்புகிறேன் என்று சொன்னபோது முகம் ஏன் அப்படி இருந்தது என்று மட்டும் இப்போது புரிந்தது.

"எத்தன நேரம் நிக்கறது? ஏறுன்னன்" என்றான் பொங்கியண்ணன்.

அதற்குள் பழனாத்தாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாரப்பன் கொஞ்சம் தள்ளிப் பையோடு நின்றிருந்தான். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான் பார் என்று அந்த நேரத்திலும் மருதாத்தாளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்தச் சனியன் அத்தனை சீக்கிரம் விடுமா?

"அக்கா, அங்க போகாதீங்க. எங்ககூட வாங்க. பொள்ளாச்சி பஸ் இப்ப வந்துரும்."

"எந்த மொறையில வர்றது? உனக்கு அண்ணன். எனக்கு ஆரு அது?"

"என்ர அக்காங்கற மொறையில வாங்க. அண்ணங்கிட்டக் கேட்டுட்டன். சரின்னுட்டாரு."

மருதாத்தாள் காரைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தாள். அத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது கடைசியில் வாய்க்கு வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நான் வந்துட்டன்னா, என்னக் கூட்டீட்டுப் போறதுக்கு ஆரு வருவாங்க?"

பழனாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தாள்.

"ஆரும் வரக்கூடாதுன்னுதானுங்க்கா போறது" என்றாள்.

பொங்கியண்ணன் இன்னும் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தான். மருதாத்தாள் அவனைத் தாண்டி நடந்தாள்.